காஸில் தெரு முனையில் ஒரு படிப்புக்கூடம்

மாணவர்களைக் கழித்துவிட்டால் பாதி உயிர் போய்விடும் ஊர் டனீடன். நியூஸிலாந்தின் தென்தீவில், கிழக்குக் கரையோரம், குன்றுகளுக்கும் நீண்டு உள்வாங்கிய கடலுக்கும் நடுவே இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 1,30,000. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர். 1848-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்து குடியேறினார்கள். 1861-இல் உள்நாட்டு மலைகளில் தங்கம் கிடைத்தது. அந்தச் செழிப்பில் 1869-இல் நிறுவப்பட்டதுதான் நாட்டின் முதல் பல்கலைக்கழகம். வகுப்புகள் தொடங்கிய 1871 முதலே பெண்களுக்கும் கதவு திறந்திருந்தது. உலகின் தென்கோடியில், பிழைக்க வந்தவர்கள் ஊர் கட்டிய கையோடு பல்கலைக்கழகமும் கட்டினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

என்னை அங்கே இழுத்தது பாட்டு. 1980-களில் டனீடனிலிருந்து கிளம்பிய கிதார் இசைக்கு 'டனீடன் சவுண்ட்' என்று பெயர். தி கிளீன், தி சில்ஸ், தி வெர்லெய்ன்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ் என்று ஒரே ஊரிலிருந்து இத்தனை குழுக்கள். கிறைஸ்ட்சர்ச்சில் 1981-இல் தொடங்கிய ஃப்ளையிங் நன் என்ற சிறு நிறுவனம் அவர்களைப் பதிவு செய்து உலகத்துக்கு அனுப்பியது. எங்கோ தொலைவில் அமெரிக்கக் கல்லூரி வானொலிகள் அந்தப் பாட்டுகளை ஓயாமல் போட்டன. நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த ஒலிநாடாவில் நானும் அதைக் கேட்டுப் பித்துப் பிடித்துத் திரிந்தவன். அந்தக் குழுக்கள் வாசித்துப் பழகிய இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை பல வருடங்களாக இருந்தது.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து தெற்கே பேருந்து. சுமார் 360 கிலோமீட்டர், கேன்டர்பரி சமவெளியைக் கடந்து, ஓமருவில் வெள்ளைக் கல் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போகும் பாதை. இதே சாலையில்தான் ஒரு காலத்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் 500 டாலருக்கு மிகாத ஓட்டைக் கார்களை வாங்கி, வேடிக்கையாக அலங்கரித்து, வழியிலுள்ள பப்களில் நின்று நின்று டனீடன் வரை ஓட்டிவருவார்கள். 'அண்டி 500' என்று பெயர். 2007-இலும் 2009-இலும் அது டனீடனின் மாணவர் தெருக்களில் கலவரமாக முடிந்து, கலகத் தடுப்புப் போலீஸ் இறங்க வேண்டியதாயிற்று. அதோடு அந்தப் பயணம் நின்றது. டனீடன் மாணவர்கள் என்றாலே தெருவில் சோஃபாவைக் கொளுத்துகிறவர்கள் என்று நாட்டின் மற்ற ஊர்களில் பேச்சு வந்ததற்கு இப்படியான இரவுகள்தான் காரணம். இனி சொல்லப்போகும் கதைக்கு இந்தக் கெட்ட பெயர் முக்கியம்.

நான் போனது மே மாதம், அங்கே இலையுதிர் காலத்தின் கடைசி. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. தெற்கிலிருந்து வரும் காற்று எத்தனை கம்பளி போட்டாலும் உள்ளே நுழைகிறது. இங்குள்ள மாணவர்களுக்கு 'ஸ்கார்ஃபி' என்ற பெயர் வந்ததே கழுத்தில் சுற்றிய கம்பளித் துண்டால்தான்.

ஊரின் நடுவே ஆக்டகன் என்ற எண்கோணச் சதுக்கம், அதில் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் சிலை. அங்கிருந்து ஜார்ஜ் தெரு வழியாக வடக்கே நடந்தால் கால் மணி நேரத்துக்குள் மாணவர்களின் ஊர் தொடங்கிவிடும். ஃபிரெடெரிக் தெரு, ஆல்பனி தெரு, ஹைட் தெரு, காஸில் தெரு, டன்டாஸ் தெரு. லீத் ஆற்றங்கரையில், கருங்கல்லில் வெள்ளைக் கல் விளிம்பு வைத்த மணிக்கூண்டுக் கட்டடம். அதைச் சுற்றி ஒரு சதுர மைலுக்குள் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பழைய மர வீடுகளை ஐந்தாறு பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து வாழ்கிறார்கள். அந்த வீடுகளை 'ஃபிளாட்' என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், கதவுக்கு மேல் கையால் எழுதிய பலகை. முதலாம் ஆண்டு விடுதியில், இரண்டாம் ஆண்டிலிருந்து ஃபிளாட்டில் என்பது ஊர் வழக்கம்.

இந்த ஒரு சதுர மைலுக்குள் மூன்று பப்கள் இருந்தன. காஸில் தெருவும் டன்டாஸ் தெருவும் சந்திக்கும் முனையில் கார்டன்ஸ் டேவர்ன். எல்லோரும் சொல்வது 'கார்டீஸ்'. ஃபிரெடெரிக் தெருவில் போலிங் கிரீன், அது 'போலர்'. ஆல்பனி தெருவும் கிரேட் கிங் தெருவும் சந்திக்கும் முனையில், அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் கேப்டன் குக் டேவர்ன். அது வெறும் 'குக்'. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் இந்த மூன்றின் பெயரைச் சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படாது. கார்டீஸும் போலரும் இன்று பல்கலைக்கழகத்தின் சொத்து.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதுக்கடை என்றதும் நம் மனதில் எழும் படம் கம்பி வலைக்குப் பின்னால் நீளும் ஒரு கை, பக்கத்தில் நாற்றமடிக்கும் ஒரு கொட்டகை. அவமானத்தோடு போய் அவசரமாகக் குடித்துவிட்டு வெளியேறும் இடம். அந்தப் படத்தைத் தள்ளி வைத்தால்தான் இந்தக் கதை புரியும். பப் என்பது தெருவின் பொதுக்கூடம். கணப்பு எரியும். சாப்பாடு உண்டு. பேராசிரியரும் முதலாண்டு மாணவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காரலாம். ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசலாம், ஒன்றும் குடிக்காமலும் உட்காரலாம். வாடகை வீட்டில் சுவர் ஈரத்தில் பூஞ்சை பிடித்து, மூச்சு விட்டால் புகையாகத் தெரியும் குளிரில் இருப்பவர்களுக்கு அந்தக் கணப்பு சாதாரண விஷயம் இல்லை. டனீடனின் மாணவர் வீடுகளின் குளிர் நாடறிந்தது. பப்புக்குப் போனவர்களில் பலர் முதலில் போனது சூட்டுக்காகத்தான் என்று அங்கே கேட்டபோது எனக்கு வியப்பாக இல்லை.

அதைச் சொன்னவர் ஒரு பழைய இசைத்தட்டுக் கடைக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், 1980-களில் இங்கே வரலாறு படித்தவர். குக்கின் மாடியறையை அவர் கையால் காற்றில் வரைந்து காட்டினார். எங்கே மேடை, எங்கே ஒலிபெருக்கி, எந்த மூலையில் நின்றால் தலையிடித்துக்கொள்ளும், எந்தக் கம்பளத்தில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். அந்த அறையில் பாடினவர்களும் கேட்டவர்களும் ஒரே ஆட்கள் என்றார். இந்த வாரம் கீழே நின்று கேட்டவன் அடுத்த மாதம் மேடையில் இருப்பான். மேடையிலிருந்தவன் இறங்கி வந்து அவன் பாட்டைக் கேட்பான். எனக்கு அந்தப் பேச்சு பெரிய திறப்பாக இருந்தது. நான் வருடக்கணக்காக அந்த இசையின் ஒலியைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன், அதை உண்டாக்கிய அறையைப் பற்றி யோசித்ததே இல்லை. பயிற்சி எடுக்க இடம், வாரந்தோறும் வரும் கூட்டம், மேடைக்கு ஒரு சிறு தொகை, தவறாக வாசித்தாலும் மறுவாரம் திரும்ப அழைக்கும் ஒரு முதலாளி. இவை இருந்ததால்தான் லட்சத்துச் சொச்சம் பேருள்ள ஊரிலிருந்து அத்தனை குழுக்கள் வந்தன.

கார்டீஸ்தான் முதலில் போனது. பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கி, 2010 வாக்கில் பப் மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அதே கட்டடம் மார்ஷ் ஸ்டடி சென்டர் என்ற படிப்புக்கூடமாகத் திறந்தது. போலரும் ஏறத்தாழ அதே காலத்தில் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய்ப் பப்பாக இருப்பதை நிறுத்தியது. 2013-இல் குக் மூடியது. ஒரு மாணவர் முதலாண்டில் மூன்றையும் பார்த்து, பட்டம் வாங்கும்போது ஒன்றும் இல்லாமல் வெளியே போயிருக்க முடியும். குக் பிறகு வேறு கைகளில் மறுபடி திறந்தது, மாடியில் மேடையும் போட்டார்கள். ஆனாலும் வாரம் முழுக்க மாணவர் கூட்டம் தானாக வந்து சேரும் பழைய வழக்கம் அறுந்துவிட்டது.

ஏன் மூடின? பல்கலைக்கழகத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. பணக்கணக்கு ஏற்கெனவே பப்களுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. நியூஸிலாந்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பலசரக்கு அங்காடிகளில் வைன் விற்கலாம் என்றானது. 1999 டிசம்பரில் பீரும் வந்தது. அதே மாதம் மது வாங்கும் வயதும் 20-லிருந்து 18 ஆகக் குறைந்தது. பாலும் ரொட்டியும் வாங்கும் கடையிலேயே ஒரு பெட்டி பீர், பப் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்தால் வாடகைக்குத் திணறும் பத்தொன்பது வயதுக்காரர் எங்கே வாங்குவார்? வீட்டில் குடித்து முடித்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு ஆட்டத்துக்காக மட்டும் பப்புக்கு வருவது வழக்கமாயிற்று. பப்புக்காரருக்கு வருமானம் இல்லை, வந்து சேரும் வம்பு மட்டும் மிச்சம். அப்படிப்பட்ட நேரத்தில் நல்ல விலையோடு ஒருவர் வந்தால் விற்காமல் என்ன செய்வார்?

பல்கலைக்கழகத்தின் பக்கமும் காரணம் இருந்தது. அண்டி 500 கலவரங்கள் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளையை இங்கே அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்டார்கள். 2007-இல் பல்கலைக்கழகம் நடத்தை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் 'கேம்பஸ் வாட்ச்' என்ற சொந்தக் காவல் பிரிவையும் அமைத்தது. இரவெல்லாம் தெருவில் நடந்து, விழுந்து கிடக்கும் மாணவரைத் தூக்கி வீடு சேர்க்கும் அந்தக் காவலர்களைப் பற்றி மாணவர்களே அன்போடு பேசுகிறார்கள். அது நல்ல ஏற்பாடு. பப்களை வாங்கி மூடியதும் அதே கவலையிலிருந்து வந்ததுதான். மதுவைத் தெருவிலிருந்து தள்ளி வைத்தால் மாணவர்கள் பிழைப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

நியூஸிலாந்து இதைவிடப் பெரிய சோதனை ஒன்றை முன்பே செய்து பார்த்த நாடு. முதல் உலகப் போரின்போது, 1917-இல், பப்கள் மாலை ஆறு மணிக்கு மூட வேண்டும் என்று சட்டம் வந்தது. குடும்பத்தலைவர்கள் நேரத்தோடு வீடு திரும்பட்டும் என்ற நல்லெண்ணம். நடந்தது வேறு. ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் ஆண்கள் ஓடிவந்து, ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க முடிந்ததையெல்லாம் நின்றபடியே ஊற்றிக்கொண்டார்கள். நாற்காலி, சாப்பாடு, பேச்சு எல்லாம் பப்பைவிட்டு வெளியேறின. இப்படி ஐம்பது ஆண்டு. 1967-இல் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதோடு எங்கே, யாரோடு, எந்த வேகத்தில் குடிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த நாட்டுச் சரித்திரமே சாட்சி.

காஸில் தெருவில் ஒரு சனிக்கிழமை மாலை நடந்தேன். வீட்டு வாசல்களில் சோஃபாக்கள், அவற்றின் மேல் போர்வை சுற்றிய பையன்களும் பெண்களும். நடைபாதையில் பச்சையும் பழுப்புமாக உடைந்த கண்ணாடி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வேறு வேறு பாட்டு. ஒரு ஜன்னலின் பாட்டு அடுத்த ஜன்னலின் பாட்டோடு மோதி இரண்டும் புரியாமல் போயின. அந்தப் பிள்ளைகள் எனக்கு வணக்கம் சொன்னார்கள். வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டினார்கள். மோசமான பிள்ளைகள் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது குறுகலான மரப்படிக்கட்டில் மேலேயும் கீழேயும் இடமில்லாமல் ஆட்கள் நின்றிருந்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காரணம் உண்டு. 2019 அக்டோபரில், இதே சுற்றுவட்டத்தில், டன்டாஸ் தெருவின் ஒரு ஃபிளாட்டில் நடந்த விருந்தில் கூட்டம் அளவு மீறிப் போய், நெரிசலில் 19 வயது மாணவி ஒருவர் இறந்துபோனார். அதற்கு முன், 2016 மார்ச்சில், காஸில் தெருவிலேயே சிக்ஸ்60 என்ற குழு பாடிக்கொண்டிருந்தபோது ஒரு வீட்டின் பால்கனி ஆட்களோடு இடிந்து விழுந்தது, பலர் காயப்பட்டார்கள். அந்தக் குழுவின் பெயரே அவர்கள் மாணவர்களாக வாழ்ந்த காஸில் தெரு 660-ஆம் எண் வீட்டிலிருந்து வந்தது. முந்தைய தலைமுறைக் குழுக்கள் பப்பின் மாடியில் வாசித்துப் பழகின. இவர்கள் குடியிருந்த வீட்டிலேயே வாசித்துப் பழகினார்கள். நாடே கொண்டாடும் குழுவாக வளர்ந்த பிறகு அந்த வீட்டை மாணவர்களுக்காக மீட்கவும், கலை படிக்கும் மாணவர்கள் அங்கே உதவித்தொகையோடு வாழவும் அவர்கள் பல்கலைக்கழகத்தோடு கைகோத்தார்கள். அதை நினைத்து நான் மகிழ்ந்தேன்.

கார்டீஸ் திறந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் இதை எண்ணிப் பாருங்கள். அந்த நாட்டில் உரிமம் பெற்ற பப்பில் தேர்ச்சிச் சான்றிதழ் வாங்கிய மேலாளர் ஒருவர் கட்டாயம் பணியில் இருக்க வேண்டும். போதை ஏறியவருக்கு விற்றால் தண்டனை. சாப்பாடு வைத்திருக்க வேண்டும், குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், குறைந்த போதையுள்ள பானம் இருக்க வேண்டும், வீடு திரும்ப வாகன விவரம் சொல்ல வேண்டும். எல்லாம் 2012-ஆம் ஆண்டு மதுச் சட்டத்தில் இருக்கிறது. கட்டடத்துக்கு அவசர வழி வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்று வாசலில் ஒருவர் எண்ணுவார். பத்தொன்பது வயதில் வாடகைக்கு எடுத்த மர வீட்டில் இவற்றில் எது இருக்கிறது? வாசலில் நின்று எண்ணுவதற்கு யாரும் இல்லை. இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் எழுதிய ஒரு நாடு, அந்தச் சட்டம் செல்லுபடியாகும் அறைகள் மாணவர் தெருக்களில் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதுதான் என்னை மிகவும் வாட்டியது.

மாணவர் சங்கம் என்ன செய்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. ஒட்டாகோ பல்கலைக்கழக மாணவர் சங்கம் 1890-இல் தொடங்கியது. அதன் 'கிரிட்டிக்' பத்திரிகை 1925-லிருந்து வருகிறது. 1984-லிருந்து ரேடியோ ஒன் என்ற வானொலியும் உண்டு. உள்ளூர்க் குழுக்களின் பாட்டை முதலில் ஒலிபரப்பும் நிலையம். நம் ஊரில் மாணவர் சங்கம் என்றால் தேர்தல், கொடி, ஊர்வலம், சில இடங்களில் அடிதடி என்றுதான் நினைவு வரும். அங்கே சங்கம் என்பது ஒரு கட்டடமும்கூட. உணவகம், மன்றங்கள், விளையாட்டு, சட்ட உதவி, பசித்தவருக்கு மலிவுச் சாப்பாடு, ஒரு பார். எல்லாவற்றையும் மாணவர்கள் தேர்ந்தெடுத்தவர்களே நடத்துகிறார்கள்.

இதற்கெல்லாம் பணம் மாணவர் சந்தாவிலிருந்து வந்தது. 2011-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2012 ஜனவரி முதல் எந்த மாணவரும் சங்கத்தில் சேரக் கட்டாயமில்லை என்றானது. தனிமனித உரிமை என்று அதற்கு வாதம் சொன்னார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விருப்பமில்லாத சங்கத்துக்கு ஒருவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? ஆனால் விளைவைப் பாருங்கள். பல்கலைக்கழகம் மாணவர்களிடம் சேவைக் கட்டணம் வாங்குகிறது. அதில் ஒரு பங்கை ஒப்பந்தம் போட்டுச் சங்கத்துக்குத் தருகிறது. எந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவைச் சங்கம் எதிர்க்க வேண்டுமோ அதனிடமே படியளக்கச் சொல்லிக் கை நீட்ட வேண்டிய நிலை. கார்டீஸ், போலர், குக் மூன்றும் போன வருடங்களும் சங்கத்தின் கால் ஆட்டம் கண்ட வருடங்களும் ஒன்றாக அமைந்துபோயின.

ஆஸ்திரேலியாவில் இது சில ஆண்டுகள் முன்பே நடந்தது. 2005 டிசம்பரில் சட்டம், 2006 ஜூலையில் அமல். வருமானம் சரிந்ததும் பல வளாகங்களில் சங்கங்கள் சேவைகளைக் குறைத்தன, ஆட்களை அனுப்பின. கான்பெராவின் ஏஎன்யூ பாரில் 1992-இல் நிர்வாணா குழு பாடியது. 2017-இல் அந்த யூனியன் கோர்ட் வளாகமே இடிக்கப்பட்டுப் புதிய வளாகம் எழும்பியது. லண்டனில் 1921-லிருந்து இருந்த லண்டன் பல்கலைக்கழக மாணவர் சங்கம் 2014-இல் கலைக்கப்பட்டது. மேலட் தெருவிலிருந்த அதன் கட்டடம் வேறு பெயரில் பல்கலைக்கழக நிர்வாகத்தில் ஓடி, 2021-இல் அதுவும் நின்றது. ஒவ்வோர் இடத்திலும் தனித்தனிக் காரணம் சொல்லப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களின் பொறுப்பில் இருந்த அறை ஒன்று குறைந்தது என்பது மட்டும் எங்கும் பொது.

டனீடன் சங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஹைட் தெருவில் வருடம் ஒருமுறை தெரு முழுக்க நடக்கும் விருந்து கட்டுக்கடங்காமல் வளர்ந்து, 2012-இல் ஒரு வீட்டுக் கூரை ஆட்களைத் தாங்காமல் விழுந்தது. அதற்குப் பின் சங்கமே முன்வந்து பொறுப்பை எடுத்தது. எண்ணிக்கை வைத்து நுழைவுச் சீட்டு, மணிக்கட்டில் பட்டை, சாப்பாடு, தண்ணீர், முதலுதவி என்று ஓர் ஒழுங்கு வந்தது. பிறகு ஃபிரெடெரிக் தெருவில் ஸ்டார்ட்டர்ஸ் என்ற மாணவர் பார் கைமாறும் நிலை வந்தபோது சங்கம் அதை வாங்கியது. மூன்று பப்கள் போனதைப் பார்த்தவர்கள் நாலாவது போகக் கூடாது என்று எடுத்த முடிவு அது. மாணவர் சங்கம் மதுக்கடை நடத்தலாமா என்று நம்மில் பலருக்கு உறுத்தும். எனக்கும் முதலில் உறுத்தியது. லாபத்துக்காக நடத்துகிறவர் இன்னொரு கோப்பை விற்கப் பார்ப்பார். மாணவர்களிடம் ஓட்டு வாங்கி வந்தவர் காலையில் அதே மாணவரை வகுப்பில் பார்க்க வேண்டியவர். இந்த வித்தியாசத்தை அங்கே போய்ப் பார்த்த பிறகு என் உறுத்தல் போய்விட்டது.

ஈப்போவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் பல்கலைக்கழக உணவகத்தில் சந்தித்தேன். நியூஸிலாந்தில் பல் மருத்துவக் கல்லூரி ஒட்டாகோவில் மட்டும்தான் இருக்கிறது. மலேசியாவிலிருந்து பல மாணவர்கள் வருகிறார்கள். தமிழில் பேசுவது காதில் விழுந்து தானாக வந்து உட்கார்ந்தார். மூடிய பப்களைப் பார்க்க வந்தேன் என்றதும் அவர் முகத்தில் குழப்பம்.

"நான் குடிக்க மாட்டேன் அங்கிள். எனக்கு அதுல என்ன நஷ்டம்னு ஃபர்ஸ்ட் இயர்ல நெனச்சேன்."

"இப்போ?"

"இங்க எல்லாம் ஃபிளாட் பார்ட்டிதான். யாராச்சும் கூப்பிட்டாதான் போக முடியும். கூப்பிடறதுக்கு அவங்களுக்கு நம்மளத் தெரியணும். நாங்க நாலஞ்சு மலேசியப் பிள்ளைங்க, எங்களுக்குள்ளயே சமைச்சுச் சாப்பிட்டு எங்களுக்குள்ளயே பேசிக்கிறோம். மூணு வருஷமா இங்க இருக்கேன், உள்ளூர்ப் பிள்ளைங்க வீட்டுக்குள்ள போனது ரெண்டு வாட்டிதான். கடைன்னா கதவத் தள்ளிக்கிட்டு யார் வேணும்னாலும் போலாம்ல, ஒரு ஜூஸ் வாங்கிட்டு உக்காரலாம்ல?"

இதை நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. பப் மூடியதால் வந்த இழப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே குடித்து மகிழ்ந்த பழைய மாணவர்கள். அந்தக் கதவு வெளியூர்க்காரருக்கும் அழைப்பில்லாதவருக்கும் எவ்வளவு தேவை என்பதைக் குடிக்காத ஒரு பெண் சொல்லித்தான் நான் அறிந்தேன். வீடு அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும். பப்புக்கு அழைப்பு வேண்டாம். ஃபிளாட்டுகளில் மட்டும் நடக்கும் மாணவர் வாழ்க்கையில் ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்கள், ஒரே விடுதியில் இருந்தவர்கள், ஒரே நிறத்தவர்கள் தங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

பழைய பப்களைப் பொற்காலமாகக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. சனி இரவுகளில் அங்கேயும் சண்டை நடந்தது. பெண்கள் எல்லா நேரமும் பாதுகாப்பாக உணர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. குடிக்காதவருக்கு ஜூஸ் கேட்கவே கூச்சமாக இருந்த காலமும் உண்டு. இசைத்தட்டுக் கடைக்காரரே அதை ஒப்புக்கொண்டார். அப்படியானால் அவற்றைச் சீர்செய்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்திடம் வாங்கும் பணம் இருந்தது, சங்கத்திடம் நடத்தும் ஆட்கள் இருந்தார்கள். கட்டடத்தைப் பல்கலைக்கழகம் வாங்கி, சங்கத்தின் கையில் கொடுத்து, பகலில் சாப்பாடும் படிப்பும், மாலையில் பாட்டும் பேச்சும், பத்து மணிக்கு மேல் கண்காணிப்பும் என்று நடத்தியிருக்க முடியும். அந்த வழியை ஆரம்பத்திலேயே எடுக்கவில்லை.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின மாலை கார்டீஸ் இருந்த முனைக்குப் போனேன். அடுத்த மாதம் தேர்வு. படிப்புக்கூடத்தின் ஜன்னல் வழியே பார்த்தால் ஒரு நாற்காலியும் காலியில்லை. காதில் ஒலிப்பான்களை மாட்டிக்கொண்டு, மடிக்கணினி வெளிச்சம் முகத்தில் விழ, நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கதகதப்பாக இருக்கிறது என்பது கழற்றிப் போட்ட கம்பளிகளிலிருந்து தெரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த இடம் எவ்வளவு உதவுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அதை யாரும் குறை சொல்ல முடியாது. படிக்கச் சூடான இடம் அவர்களுக்கு வேண்டும், அது கிடைத்திருக்கிறது. படித்து முடித்த பிறகு, முன்பின் தெரியாத ஒருவரோடு உட்கார்ந்து பேசவும் சூடான இடம் வேண்டும். அதற்கு இன்று அந்த முனையிலிருந்து எழுந்து இருட்டில் யாரோ ஒருவர் வீட்டுக்குத்தான் போகிறார்கள்.

படிப்புக்கூடம் திறந்தது சரி. அதற்காக கார்டீஸை மூடியது தவறு. அந்த ஒரு சதுர மைலில் இரண்டுக்கும் இடம் இருந்தது.